ஒன்றரை அடி

“ஒன்றரை அடிக்கு ஒரு குத்து. கிட்டவும் வேணா, தள்ளியும் வேணா.”

கத்திக் கத்தி மேகலாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

காலையில் தோல் பதனிடும் டேனரியின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, சேறு மொத்தமும் பள்ளத்திலிருந்த பம்பு முற்றத்துக்குள் இறங்கிவிட்டது. ஆள் உயரத்துக்கு மேல். பம்பு பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் இன்பராஜைக் காணவில்லை.

முதலில் ஆளாளுக்குப் பலகை போட்டு நின்று மூங்கிலால் கண்டபடி குத்தினார்கள். அப்படிக் குத்தினால் ஒரே இடத்தில் பத்துக் குத்து விழும். பக்கத்திலேயே ஓர் ஆள் மறையும் அளவுக்கு இடம் சும்மா கிடக்கும். எம்.எஸ்சி. கணக்குப் படித்தவளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அதே டேனரியில் தோலின் தரம் பார்ப்பவள் அவள். மேசையில் தோலை விரித்து, சம இடைவெளியில் புள்ளி வைத்துச் சோதிப்பது தினப்படி வேலை. குறை எங்கே ஒளிந்தாலும் ஏதாவது ஒரு புள்ளியில் மாட்டிக்கொள்ளும்.

இன்பராஜின் தோள் அகலம் அவளுக்குத் தெரியும். அவனுக்குச் சட்டை எடுப்பவளே அவள்தான். கிடக்கிற ஆள் அவள் போட்ட இந்த ஒன்றரை அடிக் கட்டத்துக்குத் தப்பவே முடியாது.

கடைசி வரிசையும் முடிந்தது. ஒரு மூங்கிலிலும் ஆள் தட்டுப்படவில்லை.

“இங்க இல்ல அண்ணி. ஓடைப் பக்கம் அடிச்சினு போயிருக்கும். அங்க பாக்கலாம் வாங்க,” என்றான் இன்பராஜின் தோஸ்த் தபரேஸ்.

எல்லோரும் மூங்கிலோடு கிளம்பினார்கள். அவளும் பின்னால் ஓடினாள். பலகை விட்டுப் பலகை தாவும்போது கால் தவறியது, நாலு குத்துக்கு நட்டநடுவே.

விழப்போகிறோம் என்று கைகளை விரித்தாள். விழவில்லை. சேறு அவளை இடுப்பு வரை இழுத்து, நாலு பக்கமும் இறுக்கி, கம்பம் நட்டதுபோல் நிற்க வைத்தது.

அப்போதுதான் உறைத்தது. தோல்தான் விரித்தபடி கிடக்கும். இந்தச் சேற்றில் யாராலும் படுக்க முடியாது. படுத்திருப்பவனுக்குக் கட்டம் போட்டு, நாலு குத்துக்கு நடுவே நிற்கிறவனை விட்டுவிட்டாள்.

செருப்பு சேற்றோடு போயிருந்தது. வெறும் பாதத்தில் ஏதோ பட்டது. விரல்கள். மேல்நோக்கி நீட்டியிருந்த விரல்கள்.

அசைந்தது அவையா சேறா, தெரியவில்லை.

இந்த இடம் தவறிவிடக் கூடாதென்று காலை நகர்த்தாமல் தபரேஸைக் கூப்பிட்டாள். வாய்தான் திறந்தது, குரல் வரவில்லை.

மூங்கில்கள் ஓடைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன.