வெந்நீர்ப் பிரசங்கம்

"அங்க ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம் அண்ணை. அப்பிடியொரு அமைதி" என்று அகஸ்ரின் தொடங்கி முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது.

ரொறன்ரோ, வோபர்னில் அகஸ்ரினின் ஏழாம் மாடி வீடு. சோபாவில் நவரட்ணம் அண்ணையும் மனைவி இராஜேஸ்வரியும் மடியில் அல்பத்தோடு அகப்பட்டிருந்தார்கள். ஆட்டிறைச்சிப் பொரியலை நம்பி வந்தவர்கள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஒஷாவாவில் அவன் வேலைசெய்த கார்ப் பாகத் தொழிற்சாலை அகஸ்ரினைப் பயிற்சிக்கென்று ஜப்பானுக்கு அனுப்பியது. பயிற்சி முடிந்தபிறகு ஐந்து நாள், ஒரு மலையூர் வெந்நீரூற்றில் ஓய்வு. மனைவியையும் கூட்டிவரலாம் என்றார்கள். கிளடிஸும் போனாள்.

அந்த ஊரின் பெயரை அகஸ்ரின் இதுவரை மூன்று விதமாகச் சொல்லிவிட்டான்.

எங்கட சனத்துக்குக் கத்தத்தான் தெரியும், அமைதியாக இருக்கத் தெரியாது என்று அவன் உரத்துச் சொன்னபோது, கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் சீலிங்கில் இடித்தார்.

அல்பத்தில் நாற்பது படங்கள். பாலத்தில் அகஸ்ரின். ஆவி பறக்கும் ஓடைக்கரையில் அகஸ்ரின். விடுதியில் தந்த பருத்தி அங்கியை ஸ்வெட்டருக்கு மேலே கட்டிய அகஸ்ரின்.

எடுத்தது கிளடிஸ். ஒரு படத்திலும் அவள் இல்லை.

பிறகு அகஸ்ரின் குளிக்கும் முறைக்கு வந்தான். முதலில் சின்ன முக்காலியில் குந்தியிருந்து ஊத்தை போகத் தேய்க்கவேணும். பிறகுதான் தொட்டிக்குள் இறங்கலாம். துவாய் தண்ணீரில் படக்கூடாது, அதை மடித்துத் தலையில் வைக்கவேணும்.

இராஜேஸ்வரி முதன்முறையாக வாய் திறந்தாள். "உடுப்போடயோ தம்பி?"

"ஒண்டும் இல்லாமத்தான் அக்கா. ஆம்பிளையளுக்கு வேற, பொம்பிளையளுக்கு வேற. இவ அறையை விட்டு வெளிக்கிடேல்லை. எங்கட பொம்பிளையள் உதுக்குப் போவினமே?"

நவரட்ணம் அண்ணை மெச்சித் தலையாட்டினார்.

கிளடிஸ் வெறுங்கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். பின்னாலேயே இராஜேஸ்வரியும் வந்தாள்.

"சரியான சூடாயிருக்குமென்ன?" என்று சும்மா கேட்டாள்.

"கால் வைக்கேக்கதான் அக்கா. கழுத்துமட்டும் இறங்கினால் ஒண்டும் தெரியாது."

சொன்ன பிறகுதான் கிளடிஸுக்குத் தான் சொன்னது விளங்கியது.

விடுதியில் முதல்நாள், குளிக்குமிடத்தின் ஆண்கள் பக்க வாசலில், உடுப்புக் கழற்றிப் போடும் கூடையைக் கண்டதும் அகஸ்ரினுக்குத் தடிமன் பிடித்துவிட்டது. படம் எடுக்க வெளிக்கிட்ட நேரம் போக, ஐந்து நாளும் அறைக்குள் போர்த்துக்கொண்டு, ரொறன்ரோவிலிருந்து கொண்டுபோன மிக்ஸரைக் கொறித்தபடி டீவியில் மல்யுத்தம் பார்த்தான். சிவந்த முகத்தோடு திரும்பிவரும் அவளிடம் ஒவ்வொரு நாளும் விசாரித்தான். முக்காலி, துவாய் எல்லாம் அவள் சொன்ன சங்கதிதான்.

மூன்றாம் நாள் பெண்கள் பக்கத்தில் ஒரு கிழவி, கேளாமலே அவளுடைய முதுகைத் தேய்த்துவிட்டாள். பாஷை இல்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு கிளடிஸ் அழுதாள். கிழவி கையை நிறுத்தவில்லை.

அதை மட்டும் அவள் அகஸ்ரினுக்குச் சொல்லவில்லை.

ஹோலில் அவன் தொட்டியின் ஆழத்தைக் கையால் அளந்து காட்டிக்கொண்டிருந்தான்.

இராஜேஸ்வரி குசினிக் கதவைச் சாத்தினாள். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"இனி நீர் சொல்லும்" என்றாள்.