ஏழு பக்க உரை

அலுவலகத்தின் புதுக் கழிப்பறையைத் திறந்து வைப்பதற்கு இயக்குநர் ஏழு பக்க உரை எழுதியிருந்தார். ஊழியர்கள் அவருக்கு 'முழக்கம்' என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? பழைய எழுத்துருவில் அடித்த அந்த உரையை மின்னஞ்சலில் ஒட்டினால், கொக்கியும் கேள்விக்குறியுமாகத்தான் வந்து விழுந்தது. காலையிலிருந்து நகலெடுத்து ஒட்டியே தட்டச்சருக்குக் கண் பூத்துவிட்டது.

இயக்குநர் சத்தமில்லாமல் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"என்னம்மா, என் தமிழைக் கம்ப்யூட்டராலகூடத் தாங்க முடியலையா?"

"எழுத்துரு மாறிடுது சார். இன்னொரு தடவை ஒட்டிப் பாக்கறேன்."

ஒட்டினாள். அதே குப்பை. ஆனால் நடுவில் ஒரு வரி மட்டும் பளிச்சென்று படிக்கும்படி வந்தது: 'திரும்பிப் பார்க்காதே.'

உரையில் அப்படி ஒரு வரியே கிடையாது. வேறொரு பத்தியை எடுத்து ஒட்டினாள். கொக்கிகளுக்கு நடுவே மறுபடியும் அதே வரி. முதுகுக்குப் பின்னால் இயக்குநர், "சுத்தமே நமது மூச்சு" என்று உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. திரையில் 'இயக்குநர் சார்' என்று வந்தது. திரும்பாமலே எடுத்தாள்.

"ஏம்மா, டிராஃபிக்ல மாட்டிக்கிட்டு நிக்கறேன். நான் வர்றதுக்குள்ள உரை ரெடியாயிடணும், புரியுதா?"

பின்னால் ஒத்திகை நின்றது. நாற்காலியின் முதுகில் ஒரு கை அழுந்தியது. காதோரம் அதே குரல் தணிந்து கேட்டது.

"சீக்கிரம் வரச் சொல்லும்மா."