டிக் விழாத கட்டம்

‘ஃபார்மட்’ என்ற வார்த்தைக்குப் பக்கத்திலிருந்த சின்னக் கட்டத்தின்மேல் மவுஸ் அம்பு போய் நின்றது.

கிருத்திகா சட்டென்று குறுக்கே கை நீட்டினாள்.

“அதுல டிக் போட்ராதீங்ணா. ஷேடு போட்டோ எல்லாம் போயிருமுங்க.”

அவளுடைய பதற்றத்தை சர்வீஸ்காரர் ஜெயபாண்டி கவனித்ததாகத் தெரியவில்லை.

வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையின் லேப் அது. அவள் அங்கே கெமிஸ்ட். துணியில் ஏறிய நிறத்தைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் சேர்த்துவைப்பாள். காலையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து அதிலிருந்த லினக்ஸ் சிஸ்டம் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. புதிதாகப் போட்டால்தான் உண்டு.

இந்த சர்வீஸ்காரர்களிடம் எதைக் கொடுத்தாலும் முதலில் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் மறுவேலை.

ஷேடு போட்டோக்கள் போனால் போகட்டும். அவற்றுக்கு நடுவே வேறு நான்கு படங்கள் இருந்தன.

போன வார மழையில், பட்டறையின் பின்பக்கக் குழாய் சிவப்புச் சாயத் தண்ணீரை ஓடையில் கக்கிக்கொண்டிருந்தது. அந்த ஓடைத் தண்ணீர் இறங்கித்தான் அவளுடைய அப்பாவின் கிணறு கெட்டது. புகார் கொடுத்த இடத்திலெல்லாம் ஆதாரம் எங்கே என்று கேட்டே அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவள் லேப் கேமராவிலேயே ஆதாரத்தை எடுத்துவிட்டாள்.

வெளியே கொண்டுபோகத்தான் வழியில்லை. சாய ரெசிப்பி திருட்டுப் போகுமென்று செல்போன், பென்டிரைவ் எல்லாவற்றையும் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். தன் பெயரில், தன் பாஸ்வேர்டுக்குள் பூட்டிவைத்துச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளி மகுடேஸ்வரன் வந்து பின்னால் நின்றார். கம்ப்யூட்டரில் திறக்கும் புதிய கணக்குக்குத் தன் பெயரையே போடச் சொன்னார். பாஸ்வேர்டையும் அவரே அடித்தார்.

கட்டத்தில் டிக் விழவில்லை. ஆனாலும் வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு திரையில் நகர்ந்து முடிவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

சிஸ்டம் எழுந்தது. அவள் பெயரிலிருந்த ஃபோல்டர் அப்படியே இருந்தது. அப்பாடா என்று மூச்சுவிட்டாள்.

ஒன்றுகூடப் போகவில்லை என்று காட்டுவதற்காக ஜெயபாண்டி அதன்மேல் கிளிக் செய்தார்.

அது அவளுடைய பாஸ்வேர்டைக் கேட்கவில்லை. பழைய சிஸ்டத்தோடு அந்தப் பூட்டும் போய்விட்டிருந்தது. இப்போது இருந்தது முதலாளியின் பாஸ்வேர்டு மட்டும்தான்.

படங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. பச்சைத் துணி. மஞ்சள் துணி. நீலத் துணி.

மகுடேஸ்வரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முகத்தில் சந்தோஷம்.

“ஏங்கண்ணு, அந்தச் செவப்பு நல்லா ஏறியிருக்குதே! கொஞ்சம் பெருசாக் காட்டச் சொல்லு.”