நட்சத்திரம் போட்ட சொல்

"அப்பா, அந்தப் பெட்டியை இப்படிக் குடுங்க. ஐயாயிரம் வருஷமாக் காத்திருந்த பாஷை, வண்டியில ஏத்துற வரைக்கும் காத்திருக்காதா?"

ஓய்வுபெற்ற மொழியியல் பேராசிரியர் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை. வடமொழிக்கும் பாரசீகத்துக்கும் பல ஐரோப்பிய மொழிகளுக்கும் தாயான ஆதி மொழியில் உறவுகளை எப்படி அழைத்திருப்பார்கள் என்று, உறவுக்கொரு அட்டையாக எழுதிச் சேர்த்த பெட்டி அது. வாழ்நாள் உழைப்பு.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து பாதி நாள் கிடந்தார். போனை எடுக்கவில்லையே என்று ஓடிவந்து கதவை உடைக்க வைத்தவள் இவள்தான். தன் வீட்டுக்கே வந்துவிடச் சொல்லி அன்று பிடித்த பிடியை விடவில்லை. இன்று வண்டியோடு வந்து நிற்கிறாள்.

"நான் இன்னும் வர்றேன்னு சொல்லலையேம்மா. மாப்பிள்ளை வீட்டுல போய் உட்கார்றது நல்லாவா இருக்கும்?"

"வீட்டோட மாப்பிள்ளை இருக்கலாம், வீட்டோட மாமனார் இருக்கக் கூடாதா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த ஆதி மொழியில புருஷனோட அப்பா, அம்மா, தம்பி, ஏன், ஓரகத்திக்குக்கூடச் சொல் கிடைச்சிடுச்சு. பொண்டாட்டியோட அப்பாவுக்கு மட்டும் கிடைக்கல. நான் கணக்குலயே இல்லாத ஆளு."

"இதை உங்க மாப்பிள்ளைகிட்டச் சொல்லிடாதீங்க. பாவம், உங்க கட்டிலுக்கு இடம் அளந்துட்டு இருக்காரு." பெட்டியிலிருந்து ஓர் அட்டையை உருவினாள். "ஆமா, எல்லாச் சொல்லுக்கும் முன்னாடி எதுக்கு ஒரு நட்சத்திரம்?"

"அதை யாரும் எழுதி வைக்கல, நாம காதால கேட்டதும் இல்ல. ஆனா பின்னால வந்த மொழிகள்ல தடயம் கிடக்கு. அதனால இருந்திருக்கணும்னு நம்பிப் போடுறது."

"தடயம் இருந்தாப் போதுமா?"

"போதும்மா."

"அப்ப எந்திரிங்க." செருப்பை அவர் காலருகே தள்ளி வைத்து, முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். அவருக்குக் கண் கலங்கியது. பெட்டியை அவளிடம் கொடுத்தார்.

வாசலில் வீட்டுச் சொந்தக்காரர் சாவியை வாங்கிக்கொண்டார். "கொடுத்து வெச்சவர் சார் நீங்க. ஒரே பொண்ணுன்னாலும் எப்படித் தாங்குது!"

அவள் பெட்டியோடு வண்டியில் ஏறியதும் பேராசிரியர் அவர் பக்கம் திரும்பினார்.

"என் ஒரே பொண்ணு தவறிப் போய் ஆறு வருஷமாச்சு சார். இவ, மாப்பிள்ளை அப்புறமாக் கட்டிக்கிட்ட பொண்ணு. இந்த உறவுக்கு நான் தேடின எந்த மொழியிலயும் சொல் கிடைக்கல. மகள்னு எழுதி, முன்னாடி ஒரு நட்சத்திரம் போட்டு வெச்சிருக்கேன்."