யாரோட இடது?

எஞ்சினுக்கு மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, மாமனாரும் மாப்பிள்ளையும் திறந்த பானெட்டுக்குள் குனிந்து நின்றார்கள்.

இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதனால் மகள் நடுவில் நின்றாள்.

பெண் கேட்டு வந்த அன்று, வாசலில் நின்ற இதே காரைப் பார்த்து மாப்பிள்ளை, "இது இன்னுமா ஓடுது?" என்று கேட்டுவிட்டார். கேட்டதைக்கூட மன்னித்திருக்கலாம். சிரித்துக்கொண்டே கேட்டார்.

அதற்கப்புறம் கல்யாணம் நடந்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று போட்டோவுக்குப் பல்லைக் காட்டியதும் நடந்தது. பேச்சு மட்டும் நடக்கவில்லை.

தப்பிக்க முடியாத விருந்து நாட்களில், சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றாலும் மகள் வழியாகத்தான் போக வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இவளுக்கு இடிகூட இல்லை, வெறும் தபால் வேலை.

இந்த நிலையில்தான் கார் வெள்ளைப் புகை விட ஆரம்பித்தது. ரேடியேட்டரில் ஊற்றுகிற தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

மெக்கானிக்கிடம் விடுங்கள் என்று தெருவே சொன்னது. அப்பா கேட்கிற ஆளா? ஹெட்டைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். குழாயடியில் வைத்து மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தார். அடிப்பக்கத்தை லேத்துப் பட்டறையில் கொடுத்துச் சீவி வாங்கினார். பிறகு சாப்பாட்டு மேசைமேல் வைத்து, ஒவ்வொரு வால்வுக்கும் பசை தடவி, மோர் கடைவது போல உள்ளங்கைகளுக்கு நடுவே குச்சியை உருட்டி உருட்டி அரைத்தார்.

அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் எல்லோருக்கும் தரையில்தான் சாப்பாடு.

திரும்ப மாட்டுகிற நேரத்தில் அம்மா மகளுக்குப் போன் செய்தாள். ஹெட்டைத் தனியாகத் தூக்கி வைக்க முடியாதாம். எதிர்ப்பக்கம் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமாம்.

மகளுக்கு அது போதாதா? வழக்கமாக வாசலிலேயே அவளை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிவிடுகிற கணவரை, கையோடு உள்ளே இழுத்துவந்தாள். இன்றைக்கும் இவர்கள் பேசாவிட்டால் இனி ஆயுசுக்கும் பேசப்போவதில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. எதிர்வீட்டு மாடியில், காய்ந்த துணியையே உதறி மறுபடி காயப்போட்டுக்கொண்டிருந்தவருக்கும் அதே கவலைதான்.

"கொஞ்சம் இடது பக்கம் நகத்தச் சொல்லும்மா" என்றார் அப்பா.

"இடது பக்கமாம்."

"யாரோட இடதுன்னு கேளு" என்றார் மாப்பிள்ளை.

"யாரோட இடதுப்பா?"

எதிரெதிரே நிற்கிறவர்களில் ஒருவருக்கு இடது என்றால் மற்றவருக்கு வலது. இது அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்த மாதிரி இருந்தது.

கீழே புது கேஸ்கெட் விரித்துக் கிடந்தது. மெல்லிசுத் தகடு. ஹெட் அதன்மேல் நேராக வந்து உட்கார வேண்டும். சறுக்கி ஒரு கீறல் விழுந்தால் போச்சு, பட்ட பாடெல்லாம் வீண்.

நான்கு கைகளும் நடுங்க ஆரம்பித்தன.

"ஐயோ, அடுப்புல பால்" என்று மகள் உள்ளே ஓடினாள்.

அடுப்பில் பாலும் இல்லை, அடுப்பு எரியவும் இல்லை. காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, தலையை நிமிர்த்தாமலேயே கொஞ்சம் நகர்ந்து, ஜன்னலோரம் மகளுக்கு இடம் விட்டாள்.

வெளியே கனத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர்கள் விடுகிற மூச்சு மட்டும் கேட்டது.

ரோஷத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. ஹெட்டைக் காலில் போட்டுக்கொண்டாலும் போட்டுக்கொள்வார்களே தவிர, வாயைத் திறப்பார்களா?

ஒரு செருமல் கேட்டது.

"உங்க பக்கம் போல்ட் ஓட்டை தெரியுதா?"

மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியுது மாமா. ஒரு விரக்கடை உங்க பக்கம் இழுங்க."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம். இருங்க, இருங்க. ஆங், இப்ப விடுங்க. மெதுவா."

ஹெட் உட்கார்ந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அப்படி உட்கார்ந்தது.

மகள் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். எப்பேர்ப்பட்ட மனிதர்களை, இல்லாத பாலை வைத்துக் கவிழ்த்துவிட்டாள். இனி எத்தனை விருந்தாளி வந்தாலும் இதைச் சொல்லிச் சொல்லியே அப்பாவை ஒரு வழி பண்ணிவிடலாம்.

மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டே இடுப்பை நிமிர்த்தினார்.

"செம கனம் மாமா" என்றார். "கழட்டும்போது எதிர்ப்பக்கம் யாரு புடிச்சா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா, நான் இல்லை என்று தலையை ஆட்டினாள். வேறு யாரும் இல்லை என்றும் ஆட்டினாள். சிரிப்பை அடக்கியதில் அவள் கையிலிருந்த கத்திகூடக் குலுங்கியது.

வெளியே அப்பா, அந்தக் கேள்வி காதிலேயே விழாதவர் போல ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"முதல்ல நடு போல்ட்டை எடுங்க மாப்பிள்ளை" என்றார். "நடுவுல ஆரம்பிச்சுத்தான் ஓரத்துக்கு வரணும்."