அயல் ரவுட்டர்

இரண்டு ரவுட்டர்களும் ஒன்பது நாளாக ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை.

கல்முனைப் புடவைக் கடையில் இருந்தது ஜவுபர் பொருத்தியது. மருதமுனையில் அதே முதலாளியின் நெசவுச்சாலையில் இருந்தது முஸ்தாக் பொருத்தியது. வேறு கம்பனியின் தயாரிப்பு. இரண்டும் இணைந்தால்தான் கடையில் எடுக்கும் ஓடர்கள் நெசவுச்சாலைக்குத் தெரியவரும்.

பிழை என்னவென்று ஜவுபருக்கு முதல் நாளே தெரியும்.

அவனுடைய ரவுட்டர் பத்து விநாடிக்கு ஒரு தடவை ‘இருக்கிறேன்’ என்று சொல்லும். முஸ்தாக்கினுடையது முப்பது விநாடிக்கு ஒரு தடவை. இந்த எண் ஒத்துப்போகாவிட்டால் ஒன்று மற்றதை அயலாக ஏற்காது. ஒரேயொரு வரியை மாற்றினால் போதும்.

அவன் மாற்றவில்லை.

“என்ட பக்கம் எல்லாம் சரி ராத்தா. பிழை அங்கதான் கிடக்கு” என்று முதலாளியம்மா ஸுஹைறாவிடம் தினமும் சொன்னான்.

மூன்று வருடங்களுக்கு முன் ஜவுபரும் முஸ்தாக்கும் சேர்ந்து ஒரு நெட்வேர்க் கடை நடத்தினார்கள். ஜவுபர் மக்காவுக்கு உம்றா யாத்திரை போயிருந்த பதினான்கு நாளில் முஸ்தாக் கடவுச்சொற்களையெல்லாம் மாற்றிவிட்டான். வாடிக்கையாளர்களைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டான்.

ஸம்ஸம் புனித நீர்ப் போத்தலும் கையுமாகக் கடைக்கு வந்த ஜவுபரின் திறப்பு பூட்டுக்குள் நுழையவில்லை.

இன்று நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு ஸுஹைறா முடிவாகச் சொல்லிவிட்டார். முஸ்தாக் இனி வேண்டாம். நெசவுச்சாலையையும் ஜவுபரே பார்க்கட்டும். முஸ்தாக்குக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே அறிவித்தாயிற்று.

ஜவுபர் மேல்மாடி அறைக் கதவைச் சாத்தினான். முஸ்தாக்கின் குரல் உடைவதைத் தன் காதால் கேட்கவேண்டும். தானே அழைப்பெடுத்தான்.

“ஒம்பது நாளா ஒன்னால கண்டுபுடிக்க ஏலாமப் போச்சே. நேரக் கணக்குத்தான் பிழை. நான் தெரிஞ்சிக்கிட்டுத்தான் சும்மா இருந்தன்.”



“ரெண்டாம் நாளே கண்டுட்டன் மச்சான்” என்றான் முஸ்தாக். “என்ட பக்கத்த மாத்தியிருக்க ஏலும்தான். ஒன்ட மனசு ஆறட்டும் எண்டு விட்டன்.”

ஜவுபருக்குக் காது சுட்டது. மூன்று வருடமாகச் சேர்த்துவைத்திருந்த அவ்வளவு ஏச்சும் ஒன்றாக வாய்க்கு வந்தது. அதற்குள் முஸ்தாக் அழைப்பைத் துண்டித்துவிட்டான்.

ஜவுபர் மடிக்கணினியைத் திறந்தான். முஸ்தாக்கின் கதையை நம்பக்கூடாது என்று நினைத்தபடி அயல் பட்டியலை வரவழைத்தான்.

மருதமுனை ரவுட்டர் அதில் இருந்தது.

இணைந்து நாற்பது நிமிடம் என்று திரை காட்டியது. ஜவுபர் அழைப்பெடுத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.