வேலு அண்ணனின் அஞ்சு நிமிஷம்

"நேத்து ரெண்டு கரண்டி கஞ்சி கூடவே குடிச்சா. மாங்கா ஊறுகாய் வேணும்னு கேட்டா, டாக்டர் திட்டுவாருன்னு நான்தான் கொடுக்கல."

வேலு அண்ணன் இப்படிச் சொன்னதும், சுற்றி உட்கார்ந்திருந்த எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ரூபினிக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் பெண்டாட்டி வள்ளியம்மா செத்துப் பத்து மாசம் ஆகிறது.

முந்தாநாள்தான் நிபோங் திபால் சித்தி போனில் சொன்னாள். வள்ளியம்மா அந்த ஊர்ப் பெண்ணாம். சாவுக்குச் சித்தியே போய்விட்டு வந்திருக்கிறாள். இங்கே இந்த மனுஷன் கஞ்சிக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அது டத்தோ கெராமாட் பக்கம் ஒரு பிளாட்டின் கீழ்த்தளத்தில் மாசம் ஒரு தடவை நடக்கிற கூட்டம். படுக்கையில் விழுந்தோ நினைவு தப்பியோ போன வயசானவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் வட்டமாக உட்காருவார்கள். ஆளுக்கு அஞ்சு நிமிஷம். வீட்டில் எப்படி என்று மற்றவர்கள் கேட்பார்கள். சொல்லலாம், அழலாம், யாரையாவது திட்டவும் செய்யலாம். நடத்துகிறவர் ஷேக் அலாவுதீன் பாய்.

அதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. சனிக்கிழமை மூணு மணிக்கு ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆறு மணி வரை நோயாளியை அவர் பார்த்துக்கொள்வார், நாம் வெளியே போய் மூச்சு விட்டு வரலாம். ஆனால் ஆட்கள் நாலே பேர். கூட்டத்தில் சேர்ந்து ஆறு மாசமாகியும் ரூபினிக்கு முறை வரவில்லை.

அவள் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. பாடாங் கோத்தா கடற்கரையில் உட்கார்ந்து, ஒரு தே தாரிக் டீயைச் சூடு ஆறுவதற்குள் குடிக்க வேண்டும். அப்பா முத்தையாவுக்கு நினைவு தப்பிய இந்த மூணு வருஷத்தில் அவள் எதையும் சூடாகக் குடித்ததில்லை. கோப்பையை வாயில் வைக்கும்போதே கேட் சத்தம் கேட்கும். என்றைக்கோ விட்ட துறைமுக வேலைக்கு அப்பா கிளம்பிக்கொண்டிருப்பார். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வருவதற்குள் எல்லாம் ஆறிப்போயிருக்கும். சில நாள் அந்தக் கோப்பையைப் பார்த்தே அழுதிருக்கிறாள்.

இந்த வேலு அண்ணனோ மாசா மாசம், "சனிக்கிழமை மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேனோ" என்று கைகூப்புகிறார். இல்லாத நோயாளிக்கு ஆள் கேட்டு வாங்குகிற மனுஷனை என்னவென்று சொல்வது?

கூட்டம் கலைந்ததும் பாயைத் தனியே பிடித்துக் கொட்டித் தீர்த்துவிட்டாள். செத்தவங்க பேரைச் சொல்லி இப்படியும் ஏமாற்றுவார்களா, அவர் வீட்டுக்குப் போகிற ஆளை என் வீட்டுக்கு அனுப்பினால் என்ன என்று கேட்டாள். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிம்மா. இந்தச் சனிக்கிழமை மூணு மணிக்கு உங்க வீட்டுக்கு ஆள் வரும்."

"அவர என்ன பண்ணப் போறீங்க?"

"அத அவர்கிட்டயே கேட்டுக்குங்க லா" என்று சொல்லிவிட்டு நாற்காலிகளை மடக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை ரெண்டு மணிக்கே ரூபினி தலைவாரி, நல்ல துணி உடுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூணு மணிக்குக் கேட் தட்டுகிற சத்தம். திறந்தால் வேலு அண்ணன் நிற்கிறார், கையில் பிளாஸ்க்.

"கஞ்சி கொண்டாந்தேம்மா. அப்பாவுக்கு சூடா இருக்கணுமா, ஆறணுமா?"

அவள் பிளாஸ்க்கை வாங்கக் கை நீட்டினாள். அதற்குள் அப்பா வேலைக்கு நேரமாச்சு என்று கேட்டுக்கே வந்துவிட்டார். வேலு அண்ணன் மறிக்கவில்லை. நானும் அதே ஷிப்டுதான் அண்ணே, இன்னும் நேரமிருக்கு, கஞ்சி குடிச்சிட்டு ஒண்ணாப் போவோம் என்று தோளில் கைபோட்டுத் திருப்பினார். அப்பா மறுபேச்சில்லாமல் கூடவே போய் உட்கார்ந்தார்.

"அண்ணே, வள்ளியம்மா அக்கா..." என்று ஆரம்பித்தாள்.

"தெரிஞ்சிருச்சா?" என்றபடி அவர் கஞ்சியை ஆற்றினார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு தன் முறையைப் பாயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். நாலு வருஷம் ஊட்டிப் பழகின கை சும்மா இருக்க மாட்டேன் என்றதாம். சனிக்கிழமை வீடு வீடாகப் போகிற அந்த நாலு பேரில் அவரும் ஒருவர்.

"அப்ப கூட்டத்துல ஏண்ணே அப்படிச் சொல்றீங்க?"

"வெளியில யாரும் அவளப் பத்திக் கேக்கறதில்லம்மா. கேட்டா எனக்கு வலிக்குமாம். கேக்காததுதான் வலிக்குது. அங்க மட்டும்தான் வீட்டுல எப்படின்னு கேக்கறாங்க. அந்த அஞ்சு நிமிஷம் அவ இருக்கா." கரண்டியை அப்பாவின் வாயருகே கொண்டுபோனார். "உனக்கு முன்ன சேர்ந்தவங்க அத்தனை பேரும் அவ சாவுக்கு வந்தவங்கதான். தெரிஞ்சேதான் கேக்கறாங்க."

பாடாங் கோத்தாவில் தே தாரிக் ஆவி பறக்க வந்தது. யாரும் கூப்பிடவில்லை, எந்தக் கேட்டும் திறக்கவில்லை. ஆனாலும் கூட்டத்தில் அந்தத் தலைகள் ஆடினதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் கையில் எடுத்தபோது அது ஆறிப்போயிருந்தது.

அடுத்த மாசக் கூட்டத்தில் வேலு அண்ணனின் அஞ்சு நிமிஷம் வந்தது. பாய் வாயெடுப்பதற்குள் ரூபினி முந்திக்கொண்டாள்.

"அண்ணே, அக்கா ஆசையாக் கேட்ட ஊறுகாயைக் கொடுத்தீங்களா இல்லையா?"